கே லே பரேத்தே? படகுக்காரன் அபிப்பிராயம் சொல்லப் பழகிய கதை

1. முதலையும் உண்டு, நீந்தவும் ஏலும்

அந்த மனிதர் சட்டையைக் கழற்றிவிட்டார். ஒரு காலைப் படகின் விளிம்புக்கு வெளியே போட்டும் விட்டார். மற்றக் காலைத் தூக்கும் நேரத்தில் என்னவோ ஞாபகம் வந்தவர் போல என்னைத் திரும்பிப் பார்த்தார். இரண்டு கைகளையும் மணிக்கட்டில் சேர்த்து, ஒரு பெரிய வாய் திறந்து மூடுகிற மாதிரிக் காட்டி, "கொகோத்ரீலோ?" என்று கேட்டார்.

முதலை இருக்கிறதா என்று கேட்கிறார். இது விளங்குவதற்கு ஸ்பானிஷ் படித்திருக்கத் தேவையில்லை.

நான் சிரித்த முகத்தோடு, "சி, சி" என்றேன். ஸ்பானிஷில் 'சி' என்றால் 'ஓம்'.

வெளியே போன கால் உள்ளே வந்த வேகத்தைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். படகு ஆடியது. பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். ஒரு அம்மா நெஞ்சில் சிலுவை போட்டார். இன்னொரு அம்மாவுக்குச் சிரிப்பு வந்து அடக்க முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வடிந்தது. ஏனென்றால் இதற்குச் சற்று முன்புதான் அதே மனிதர் இரண்டு கைகளாலும் காற்றில் நீந்திக் காட்டி, "இங்கே இறங்கி நீந்தலாமா?" என்று என்னிடம் கேட்டிருந்தார். அதற்கும் நான் சிரித்த முகத்தோடு, "சி, சி" என்றுதான் சொல்லியிருந்தேன்.

படகின் முன்பக்கத்தில் இருந்த பிலார் அம்மா மட்டும் கத்தவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அவர்தான் ஸ்பெயினிலிருந்து ஒவ்வொரு குரூப்பையும் கூட்டிக்கொண்டு வருகிற தலைவி. கரைக்கு வரும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

2. 'இல்லை' என்று சொல்லாத ஊர்

பிள்ளைகளே, என் பெயர் யோகராசா. தொழில் செய்கிறவர்கள் தங்கள் அனுபவத்தைப் பிள்ளைகளுக்காக எழுதித் தர வேண்டும் என்று எங்கள் ஊர் வாசிகசாலையில் கேட்டார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் நீங்களே திருத்தி வாசியுங்கள். ஆனால் சொல்லப்போகும் விஷயத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு துள்ளுகிறது.

ஓட்டமாவடி ஹாஜியார் ஒருவர் வாவிக் கரையில் சின்ன கெஸ்ட் ஹவுஸ் ஒன்று வைத்திருக்கிறார். பாசிக்குடாவில் கடல் குளித்துவிட்டுப் பொலன்னறுவைக்குப் போகிற வெளிநாட்டு ஆட்கள் ஒரு இரவு அங்கே தங்குவார்கள். ஹாஜியாரின் பைபர் படகில் அவர்களை ஏற்றி, தண்ணீரில் வேர் ஊன்றி நிற்கிற கண்டல் காட்டு ஓரமாகப் போய், பறவைகள் காட்டித் திரும்பக் கொண்டுவருவது என் வேலை. அதற்கு முன் கட்டாரில் கட்டட வேலை செய்தேன். ஊரோடு இருக்கலாம் என்று வந்தவனுக்கு இந்தப் படகுதான் கிடைத்தது. வந்த இடத்தில் பிடித்துப்போயும் விட்டது.

எல்லாவற்றுக்கும் ஏன் 'சி' சொன்னேன்? எனக்கு விளங்காமல் இல்லை. எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேரே 'இல்லை' என்று சொல்வது கஷ்டம். கடையில் போய்ச் சீனி இருக்கா என்று கேளுங்கள். தீர்ந்திருந்தால் முதலாளி "நாளைக்கு வந்திரும்" என்றுதான் சொல்வார். கலியாணத்துக்குக் கூப்பிட்டால், போக ஏலாது என்று தெரிந்தாலும் "பாப்பம்" என்போம். எழும்பிப் போகும்போது கூட 'போறன்' என்று சொல்வதில்லை, 'போயிட்டு வாறன்'தான். அப்படி வளர்ந்தவன், கடல் கடந்து வந்த விருந்தாளி ஆசையாக நீந்தலாமா என்று கேட்கும்போது 'இல்லை' என்று எப்படிச் சொல்வேன்?

பிலார் அம்மாவுக்கு இது தெரியாது. அன்று மத்தியானம் ஹாஜியாரையும் என்னையும் கூப்பிட்டு வைத்துப் பேசினார். அவர் ஸ்பானிஷில் சொன்னதைச் சுனில் தமிழில் சொன்னார். சுனில் அவர்களுடைய வேன் ட்ரைவர். நீர்கொழும்புச் சிங்களவர். பல வருடமாக ஸ்பெயின் குரூப்புகளை ஓட்டி ஓட்டி ஸ்பானிஷ் தண்ணீர் பட்ட பாடு. தமிழும் தன்பாட்டில் ஒரு மாதிரிப் பேசுவார்.

"அம்மா சொல்றது, இன்னும் ரெண்டு குரூப் வாறது. அதோட இந்த வருசம் முடியிறது. ரெண்டும் பாத்திட்டு, அடுத்த வருசம் டூர்ல படகுப் பயணம் வச்சிருக்கிறதா, எடுக்கிறதா எண்டு சொல்றது."

"ஏனாம்? படகுல என்ன பிழையாம்?" என்றார் ஹாஜியார்.

சுனில் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். "படகு நல்லமாம். இவர்ட்ட என்ன கேட்டாலும் ஓம் சொல்றதாம். அப்ப எது உண்மையான ஓம் எண்டு தெரியாதாம். தண்ணியில அது பயமாம்."

அவர்கள் போன பிறகு ஹாஜியார் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "யோகன், அந்த அம்மா படகை எடுத்தாண்டா நான் எஞ்சினை வித்துப் போடத்தான் வேணும். பொறகு உன்ன வெச்சு நான் என்ன செய்யிற? தென்னைக்குத் தண்ணி ஊத்தவா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டாருக்கு ஆள் சேர்க்கும் ஏஜென்ட் அந்த மாதம் முழுக்க எனக்குக் கோல் எடுத்துக்கொண்டிருந்தான். படகு நின்றால் நான் பிளேன் ஏறத்தான் வேண்டும். மனதுக்குள் அப்படியே முடிவு செய்துவிட்டேன். ஒருவரிடமும் கேட்கவில்லை.

3. இல்லைக்குப் பாய் போடுவது

அடுத்த குரூப்போடு சுனில் வந்தபோது அவரை விடவில்லை. விருந்தாளிகள் முன்பக்கத்தில் சாப்பிட, ட்ரைவரும் நானும் குசினிப் பக்கம் சாப்பிடுவோம். நண்டுக் குழம்பை அவர் பக்கம் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டேன்.

"சுனில் தம்பி, அந்த ஆக்களுக்கு எப்பிடி 'இல்ல' எண்டு சொல்லுற? கோவிக்காம?"

அவர் நண்டுக்காலை வாயிலிருந்து எடுத்தார். "அண்ண, நானும் முதல் வருசம் எல்லாத்துக்கும் சி சொன்னது. ஒரு ஐயா கேட்டது, என்ட ஏலாத காலோட சீகிரியா மலை ஏற ஏலுமா எண்டு. நான் சி சொன்னது. ஐயாவும் ஏறினது."

"பொறகு?"

"பாதிக்கு மேல நான் ஐயாவத் தூக்கினது."

எனக்குச் சோறு மூக்கில் ஏறிவிட்டது. தலையில் தட்டித் தண்ணீர் தந்தார் சுனில். பிறகு சொன்னார்:

"அவங்களுக்கு இல்ல சொன்னாப் பரவாயில்ல. ஆனா வெறும் இல்ல சொல்லக் கூடாது. அது மூஞ்சியில கதவ அடிக்கிறது. முதல்ல ஒரு பாய் போடுறது. அதுக்கு மேல இல்லைய இருத்துறது. விளங்குதா?"

என்ன பாய் என்று கேட்டேன். ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் சோற்றுக் கையோடு திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

"ஆ மி மே பரேத்தே கே..." எனக்குத் தோன்றுவது என்னவென்றால்.

"யோ க்ரேயோ கே..." நான் நினைக்கிறேன்.

"பெர்தோனே, பெரோ..." மன்னிக்க வேண்டும், ஆனால்.

"இதெல்லாம் உங்கட அபிப்பிராயம் சொல்ல. இனி அவங்கட அபிப்பிராயம் கேக்கிறது வேணும். கே லே பரேத்தே? உங்களுக்கு எப்பிடிப் படுது எண்டு. சிநேகிதன்ட கேட்டா 'கே தே பரேத்தே'. பெரிய ஆக்களிட்ட 'லே' போடுறது."

எனக்கு எழும்பித் துள்ள வேண்டும் போல் இருந்தது! "அப்ப அவங்களுக்கும் நீ, நீங்க எண்டு இருக்கா?"

"இருக்குத்தானே. நீங்களுக்கு 'உஸ்தே' சொல்றது."

கட்டாரில் இருந்த காலம் முழுக்க இங்கிலீஷில் எல்லோரையும் 'யூ' என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கும். பெரிய இன்ஜினியரும் யூ, தேத்தண்ணி போடுகிறவனும் யூ. எங்கோ இருக்கிற ஸ்பெயின் நாட்டில் எங்களைப் போல 'நீங்கள்' என்று சொல்லிப் பழகுகிறார்களாம்! எனக்கு அது சொந்தக்காரரைக் கண்ட மாதிரி இருந்தது.

யோசித்துப் பார்த்தால் அந்தப் பாயும் எங்களிடம் இருக்கிறதுதான். கோயில் கூட்டத்தில் எழும்புகிறவர், "என்ட புத்திக்குப் பட்டதைச் சொல்லுறன், ஆரும் குறை நினைக்காதீங்க" என்றுதானே தொடங்குவார்? நான் அந்தக் கூட்டங்களில் கடைசி வரிசையில் தலையாட்டிக்கொண்டு இருப்பவன். அதனால் பாய் என் கைக்கு வரவில்லை.

4. மல்லிகாவின் அபிப்பிராயம்

அன்று வீட்டுக்குப் போகும்போதே வாய் ஓயவில்லை. சைக்கிளில் போகப் போகக் கே லே பரேத்தே, கே லே பரேத்தே என்று சொல்லிக்கொண்டு போனேன். வழியில் ஒரு மாடு நின்றது. அதனிடமும் கேட்டேன். 'லே' போட்டுத்தான் கேட்டேன்.

வீட்டில் மல்லிகா சோறு போட்டாள். மல்லிகா என் மனைவி, சித்தாண்டிக்காரி. நான் கறியை வாயில் வைத்துவிட்டு, ஸ்பெயின் அம்மாமாரைக் கூப்பிடுகிற மாதிரி மிகவும் மரியாதையாக, "செஞ்ஞோரா மல்லிகா, கே லே பரேத்தே?" என்றேன்.

"என்ன பேச்சு இது?"

"ஸ்பானிஷ் புள்ள. இந்தக் கறியப் பத்தி உங்கட மேலான அபிப்பிராயம் என்ன எண்டு கேக்கிறன்."

அவள் அகப்பையை வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றினாள். "கலியாணம் முடிச்சு இத்தனை வருசத்தில இண்டைக்குத்தான் என்னட்ட ஒரு அபிப்பிராயம் கேட்டிருக்கீங்க. அதுவும் எனக்கு விளங்காத பாஷையில. அதுவும் நான் காய்ச்சின கறியப் பத்தி!"

மகளும் மகனும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"கேக்கிறதெண்டா கேக்க வேண்டியதக் கேளுங்க. கட்டாருக்குப் போறதப் பத்தி என்னட்டக் கேட்டீங்களா? அந்த ஏஜென்ட் பொடியன் கடையில வச்சு எனக்குச் சொல்லுறான், அண்ணன் வரப்போறாரு அக்கா எண்டு. நான் தேங்காயத் தூக்கிக்கொண்டு பே முழிச்சு நிண்டன்."

சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்தேன். பிறகு தமிழில் கேட்டேன். "நீ என்ன நினைக்கிறாய்?"

"எனக்கு விருப்பமில்ல. இஞ்ச இருந்து கஞ்சி குடிச்சாலும் பரவாயில்ல. அதுதான் என்ட அபிப்பிராயம்." அகப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனவள், வாசலில் திரும்பினாள். "இன்னொண்டும் சொல்லுறன். அந்தப் படகுப் பலகையில ஒரு மனிசன் ரெண்டு மணித்தியாலம் இருப்பானா? முதுகு முறியும். மெத்தை போடச் சொல்லுங்க அந்த ஹாஜியாரிட்ட."

சும்மா சொல்லக் கூடாது. பழைய சேலைத் துணிக்குள் பஞ்சு வைத்து அவளே தைத்தும் தந்தாள். அடுத்த நாள் அந்த மெத்தைகளில்தான் ஸ்பெயின்காரர் இருந்தார்கள்.

5. பன்னிரண்டு வாய்

அன்றைய பயணத்துக்கு ஒரே சந்தோஷத்தோடு போனேன். கண்டல் காட்டு வாயில் வாவி இரண்டாகப் பிரியும். வலது பக்கம் நீர்க்காகங்கள், இடது பக்கம் நாரைகள். எஞ்சினை மெதுவாக்கிவிட்டு எழும்பி நின்று கேட்டேன்:

"கே லே பரேத்தே?"

பிள்ளைகளே, அப்படிக் கேட்கக் கூடாது. ஒரு ஆளிடம் கேட்கலாம். பன்னிரண்டு ஸ்பெயின்காரரிடம் ஒரே தரத்தில் கேட்கக் கூடாது. எங்கள் கோயில் கூட்டம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை! எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கையால் பேசினார்கள், தோளால் பேசினார்கள். "யோ க்ரேயோ கே" என்று ஒருவர் இடது பக்கம் காட்டினார். "பெர்தோனே, பெரோ" என்று மற்றவர் வலது பக்கம் காட்டினார். சுனில் சொல்லித் தந்த ஒவ்வொரு வசனமும் என் காதுக்கு முன்னால் உயிரோடு ஓடித் திரிந்தது. அந்தச் சந்தோஷப் புளுகத்தில் நான் எஞ்சினைக் கவனிக்கவில்லை.

இதில் ஒரு ஆச்சரியம் கண்டேன். ஒரு அம்மா தன் புருஷனுக்கு ஒரு பிஸ்கட்டை நீட்டிக்கொண்டே, "நோ எஸ்தோய் தே அக்வேர்தோ" என்றார். நீங்கள் சொல்வதோடு எனக்கு உடன்பாடில்லை என்று அர்த்தமாம், பிறகு சுனில் சொன்னார். அவர் அதைக் கேட்டுக்கொண்டே பிஸ்கட்டை வாங்கிக் கடித்தார்! எங்கள் பக்கத்தில் உடன்பாடில்லை என்றால் முகம் திரும்பும், பிறகு பேச்சு நிற்கும், பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவில் வேலி உயரும். இவர்களோ மறுத்துக்கொண்டே பிஸ்கட் தின்கிறார்கள்.

அந்த நேரத்தில் படகு தன்பாட்டில் மிதந்துபோய்ச் சேற்றில் ஏறிவிட்டது. நான் தடியால் தள்ள, இரண்டு பேர் கூட வந்து தள்ள, எல்லோரும் ஏதோ பாட்டுப் பாட, ஒருவழியாக வெளியே வந்தோம். இடது பக்கமும் போகவில்லை, வலது பக்கமும் போகவில்லை. நேரம் முடிந்துவிட்டது.

கரையில் இறங்கும்போது பிலார் அம்மா சிரித்தார். மெத்தையைத் தட்டிக் காட்டி நல்லது என்றார். என் மனம் குளிர்ந்தது. பிறகு சுனிலைக் கூப்பிட்டு ஒன்று சொன்னார்.

"அம்மா சொல்றது, நீங்க எல்லாரிட்டயும் அபிப்பிராயம் கேட்டது. நல்லம். ஆனா உங்கட அபிப்பிராயம் என்ன எண்டு சொல்லவேயில்லையாம். எந்தப் பக்கம் நல்லம் எண்டு உங்களுக்குத்தானே தெரியும் எண்டு கேக்கிறது."

நாலு பாய் கற்றேன். கேட்பதற்கு உள்ளதை மட்டும் விரித்தேன். சொல்வதற்கு உள்ளதைச் சுருட்டியே வைத்திருந்தேன்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு குரூப்.

6. கச்சான்

கடைசிக் குரூப் பிந்தி வந்தது. வழியில் வேன் டயர் போய்விட்டதாம். காலையில் போக இருந்த படகுப் பயணத்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைப்போம் என்று ஹாஜியாரும் பிலார் அம்மாவும் பேசி முடித்துவிட்டார்கள். அடுத்த நாள் விடியவே அவர்கள் பொலன்னறுவைக்குப் போக வேண்டும். படகில் ஏறுவதென்றால் அன்று பின்னேரம்தான்.

நான் துறையில் நின்று மேற்கைப் பார்த்தேன். சிறுபோக நெல் வெட்டு நடக்கிற காலம். வயல் வட்டை முழுக்கக் காய்ந்த வைக்கோல். அந்தப் பக்கமிருந்து கச்சான் கிளம்பியிருந்தது. கச்சான் என்றால் எங்கள் பக்கத்தில் கோடையில் மேற்கிலிருந்து அடிக்கிற வறண்ட காற்று. அடுப்பு வாயைத் திறந்த மாதிரி வரும். கரையில் நிற்பவருக்கு அது வெறும் சூடு. நடு வாவியில் அது அலை. மீன் பிடிக்கிறவன் ஒருவன் இருவர் என்றால் குனிந்திருந்து சமாளிப்பான். படம் எடுக்க எழும்பி நிற்கும் பன்னிரண்டு பேரோடு அது வேறு கதை.

எல்லோரும் லைஃப் ஜக்கட் போட்டுத் துறைக்கு வந்துவிட்டார்கள். ஹாஜியார் என் தோளில் கையைப் போட்டு அவர்களுக்குச் சொன்னார். "நோ ப்ராப்ளம்! எங்கட யோகன் கெட்டிக்காரன். கச்சானும் தெரியும், சோழகக் காத்தும் தெரியும். போவலாம், போவலாம்!"

முதலாளி சொல்லிவிட்டார். விருந்தாளிகள் ஆசையோடு நிற்கிறார்கள். இது கடைசிக் குரூப். படகு ஓடாவிட்டால் பிலார் அம்மா பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? நான் ஓம் என்று தலையை ஆட்டினால் எல்லோருக்கும் சந்தோஷம். என் தலை தன்பாட்டில் ஆடத் தொடங்கியும் விட்டது.

மல்லிகா தைத்த மெத்தைகள் படகுக்குள் காற்றில் எழும்பி எழும்பி விழுந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்தேன்.

முதலில் ஹாஜியாரிடம் தமிழில் சொன்னேன். "ஹாஜியார், குறை நினைக்காதீங்க. என்ட புத்திக்குப் பட்டத நான் இப்ப சொல்லத்தான் போறன்."

"என்னத்தச் சொல்லப் போற?" என்று அவர் கேட்டு முடிக்கும் முன்னே நான் பிலார் அம்மாவின் பக்கம் திரும்பிவிட்டேன்.

"பெர்தோனே, செஞ்ஞோரா. ஆ மி மே பரேத்தே கே... ஓய் நோ. மூச்சோ வியென்தோ."

எனக்குத் தோன்றுவது, இன்று வேண்டாம். காற்று அதிகம்.

என் தோளில் கிடந்த ஹாஜியாரின் கை மெதுவாகக் கீழே இறங்கியது.

தொப்பி போட்ட ஒரு வயதான ஐயா முன்னுக்கு வந்து, "பெர்தோனே, கப்பித்தான்" என்றார். கப்பித்தானாம், கப்டனாம், என்னைத்தான்! காற்று சின்னக் காற்றுத்தான், வெயில் நன்றாக இருக்கிறது, நாளைக்கு நாங்கள் போய்விடுவோம், எனக்கு உங்களோடு உடன்பாடில்லை என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சுனில் மொழிபெயர்த்தார். இன்னும் இரண்டு பேர் ஐயாவின் பக்கம் பேசினார்கள். ஒரு அம்மா என் பக்கம் பேசினார். நான் ஒருவரைப் பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டு நின்றேன்.

பிலார் அம்மா அவர்களைக் கையால் நிறுத்தினார். என்னிடம் நேரே ஒரு கேள்வி கேட்டார். சுனில் வாய் திறக்கும் முன்பே எனக்கு அதில் ஒரு சொல் விளங்கிவிட்டது. 'இஹா' என்றால் மகள்.

"உங்கட மகள இப்ப இந்தப் படகில ஏத்துறதா எண்டு கேக்கிறது," என்றார் சுனில்.

அதற்கு நான் ஒரு பாயும் போடவில்லை.

"நோ, செஞ்ஞோரா."

அவர் தலையை ஆட்டிவிட்டு லைஃப் ஜக்கட்டைக் கழற்றத் தொடங்கினார்.

சும்மா விட்டுவிட எனக்கு மனமில்லை. கண்டல் ஒதுக்கில் துறையடியில் காற்றுப் படாது. வீச்சு வலையை எடுத்து வந்து, எறிவது போலக் காட்டி, "கே லே பரேத்தே?" என்றேன். இந்த முறை தொப்பி ஐயாவிடம் மட்டும் கேட்டேன். அவர் கண்ணைச் சுருக்கி வலையைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க வேண்டும்! துறையில் நின்று ஒவ்வொருவராக வலை எறிந்தார்கள். ஐயா எறிந்தது ஹாஜியாரின் தலையில் விழுந்தது. தொப்பியோடு சேர்த்து வலைக்குள் நின்ற ஹாஜியார், "யா அல்லாஹ், என்னப் புடிச்சிட்டானுகள்!" என்று கத்த, அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு அம்மா நாலு இறாலும் ஒரு திரளி மீனும் பிடித்துவிட்டு நாட்டை வென்ற மாதிரி ஆடினார். நடுவில் ஒருவர் தண்ணீரைக் காட்டி என்னிடம் கேட்டார், "கொகோத்ரீலோ?"

நான் நேராக நின்று சொன்னேன். அந்தக் கரையில், ஓம். இங்கே, இல்லை என்று நினைக்கிறேன். "யோ க்ரேயோ கே நோ." ஆனாலும் படியில் இறங்க வேண்டாம் என்று கையால் காட்டினேன். அவர் இறங்கவில்லை.

இப்போது உண்மையைச் சொல்ல வேண்டும். பொழுது சாயும் நேரம் கச்சான் விழுந்துவிட்டது. வாவி கண்ணாடி போல் கிடந்தது. சின்ன அலை கூட இல்லை. ஹாஜியார் துறையில் நின்று அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுக்காடா தம்பி?"

காற்று எனக்குச் சொல்லிவிட்டு விழுவதில்லை.

7. ஐந்தரை மணி

அன்று வீட்டில் மல்லிகாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படகு ஓடவில்லை, காற்றும் நின்றுவிட்டது, ஹாஜியாரின் முகமும் சரியில்லை என்றேன்.

"காத்து அடிக்கக்குள்ள அடிக்குது எண்டு சொன்னீங்க. நிண்டா நிக்குது எண்டு சொல்லுங்க. அதுக்கென்ன?" என்றாள். பிறகு, "அவங்களுக்கு முன்னால ஹாஜியாருக்கு மறுத்துச் சொன்னீங்களா? நீங்களா?" என்று கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

விடிய வேனில் பெட்டிகள் ஏற்றும்போது நான் துறையடியில் படகைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டார்கள். பிலார் அம்மா, ஹாஜியார், சுனில் மூன்று பேரும் வாசலில் நின்றார்கள். ஹாஜியாரின் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஏஜென்டின் நம்பர் என் போனில் மேலேயே கிடந்தது.

பிலார் அம்மா பேசினார். சுனில் சொன்னார்: "அடுத்த வருசம் படகு இருக்கிறது. நேத்து மாதிரி மத்தியானத்துக்குப் பிறகு இல்ல. காலையில ஆறு மணிக்கு, காத்து எழும்ப முதல். இன்னொண்டு. போறதா, போகாம விடுறதா எண்டு அம்மா சொல்றதும் இல்ல, ஹாஜியார் சொல்றதும் இல்ல. நீங்க சொல்றது. நேத்து நீங்க சொன்னது பிழையோ சரியோ அம்மாக்குத் தெரியாது. ஆனா உங்கட ஓமும் இல்லையும் இனி அம்மாக்குத் தெரியுமாம்."

படகு துடைத்த துணியை எடுத்துத் தோளில் போட்டேன்.

பிலார் அம்மா என்னை நேரே பார்த்து, "கே லே பரேத்தே, கப்பித்தான்?" என்றார்.

ஹாஜியார் இருமினார். தொப்பியைச் சரிசெய்தார். இத்தனை காலத்தில் முதல் தரமாக என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். "ஓம், யோகன். ஆறு மணி. நீ என்ன சொல்றாய்?"

எல்லோரும் என் 'சி'க்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். என் தலை வழக்கம்போல ஆடத் தொடங்கியது. நான் அதைப் பிடித்து நிறுத்தினேன்.

"பெர்தோனே, செஞ்ஞோரா. பெர்தோனே, ஹாஜியார்," என்றேன். "எனக்குப் படுறது, ஆறு மணி பிந்திப் போகும். நாரை எழும்பிப் போயிரும். அஞ்சரை."

ஹாஜியார் இரண்டு கைகளையும் தலையில் வைத்தார். "பாத்தீங்களா? இவனிட்டக் கேட்டதே பிழையாப் போச்சு!" சுனில் அதை மொழிபெயர்த்தாரோ இல்லையோ, பிலார் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சொன்னார், "எஸ்தோய் தே அக்வேர்தோ." எனக்கு உடன்பாடு.

அந்த மாதம் ஏஜென்ட் மறுபடி கோல் எடுத்தான். அவனுக்கும் பாய் போட்டுத்தான் சொன்னேன். "தம்பி, குறை நினைக்காத. நானும் வீட்டுல கதைச்சுப் பார்த்தன். எனக்கு இஞ்ச இருக்கிறதுதான் சரியெண்டு படுது." அவன் இன்னும் இரண்டு தரம் எடுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

பிள்ளைகளே, 'ஓம்' நல்ல சொல். அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் ஓம் சொல்கிறவனுடைய ஓமை ஒருவரும் நம்பிப் படகில் ஏற மாட்டார்கள். உங்களுக்குப் பட்டதை மரியாதையாகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு மற்றவருக்கு எப்படிப் படுகிறது என்றும் கேளுங்கள். அவர் மறுத்தால் முகத்தைத் திருப்பாமல் பிஸ்கட்டை நீட்டுங்கள். நீங்கள் சொன்ன காற்று பின்னேரம் விழுந்துவிட்டால் வெட்கப்பட வேண்டாம், விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டு அடுத்த நாளும் மேற்கைப் பாருங்கள்.

ஸ்பானிஷ் குரூப்பிடம் கேட்கிற முன்னே உங்கள் வீட்டில் சோறு போடுகிறவரிடம் கேட்டுவிடுங்கள். எனக்கு மெத்தை அங்கிருந்துதான் வந்தது.